வீடு கட்ட அனுமதி எதற்கு?

மாணவ நண்பர்களே,

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்' என்று நம் முன்னோர் இரண்டு காரியங்களைச் சொன்னார்கள். பரமத்தி வேலூரில் நான் வீடு கட்ட முற்பட்டபொழுது, 'அனுமதி வாங்கிப் பார்' என்று மூன்றாவது ஒன்றை நண்பர் ஒருவர் சேர்த்தார். அதனை வேடிக்கையாகவே கொண்டேன். ஆயினும், அந்த மூன்றாவது காரியம் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. அதனையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

காவிரிக் கரையில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே வளர்ந்த ஊர் வேலூர். அங்கே எனக்கு 1,200 சதுர அடி மனை ஒன்று இருந்தது. "ஏனுங்க, நம்ம எடத்துல நாம வீடு கட்டறதுக்கு யாரைக் கேக்கோணும்?" என்றார் மேஸ்திரி. கேள்வி நியாயமாகவே தோன்றிற்று.

'நம் இடம்' என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும் அல்லவா? அதற்காகவே கிரயப் பத்திரமும், பட்டாவும், நில அளவைப் படமும் வேண்டப்படுகின்றன. அடுத்து, அந்த மனை அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ளதா என்று பார்க்கிறார்கள். சாலைக்கும் சாக்கடைக்கும் இடம் விடாமல் வயலைத் துண்டு போட்டு விற்றால், பின்னாளில் அல்லற்படுவோர் வாங்கியவர்களே. இவற்றின் பின்னரே வீட்டின் வரைபடம் ஆராயப்படுகிறது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ஆம் ஆண்டில் வெளிவந்தன. மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வரை எல்லாத் தளங்களையும் சேர்த்துக் கட்டலாம் என்பது அவற்றுள் பொதுவான அளவு. என் மனைக்கு அது 2,400 சதுர அடியாகும். ஆனால் மனை முழுவதையும் சுவரால் அடைத்துவிட முடியாது. முன்னும் பின்னும் பக்கத்திலும், வீட்டின் உயரத்திற்கும் சாலையின் அகலத்திற்கும் ஏற்ப, திறந்த இடம் விடவேண்டும். மழைநீர் சேகரிப்பு அமைப்பும் 2003ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாகும்.

இந்தப் பக்கத்துச் சந்துதான் என்னைச் சோதித்தது. அதையும் சேர்த்துச் சுவர் எழுப்பினால் ஓர் அறை பெரிதாகும் என்று மேஸ்திரி கணக்குச் சொன்னார். என் மனமும் அப்பக்கமே சாய்ந்தது. அச்சமயம் எதிரே நோக்கினேன். அடுத்த வீட்டு ஆத்தாவின் அடுப்பங்கரைக்கு ஒரே சன்னல். அது என் மனையைப் பார்த்தே திறந்திருந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இடைவெளியின் அருமையை உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. 1666இல் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ, நெருங்கி நின்ற மரவீடுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் பதின்மூவாயிரம் வீடுகளை அழித்தது. அடுத்த ஆண்டே, செங்கல்லாலும் கல்லாலும்தான் சுவர் எழுப்ப வேண்டும் என்று அங்கே சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அமைந்தது. சட்டம் இருந்தும் அது மதிக்கப்படாவிடில் என்ன நேரும் என்பதைக் கும்பகோணம் காட்டிற்று. 2004 ஜூலை 16ஆம் நாள் அங்கே ஒரு பள்ளியின் கூரையில் தீப்பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். ஓலைக் கூரையின் கீழ் அவர்களை அமர்த்தியிருந்தார்கள். தப்பிச் செல்லப் போதிய வழியில்லை. உங்களைப்போல் புத்தகப் பையுடன் காலையில் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

முன்பெல்லாம் அனுமதிக்காகப் பேரூராட்சி அலுவலகத்திற்குப் பலமுறை நடப்பார்கள். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட குடியிருப்பு கட்டுவோர், இணையவழியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கும். முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. விதிப்படி கட்டுவேன் என்று நாமே நமக்குச் சான்று அளிக்கிறோம்.

என் சிறு வீடும் இம்முறைக்கு உட்பட்டதே. உறுதிமொழியைப் படித்தபொழுது, அடுத்த வீட்டுச் சன்னல் என் கண்முன் வந்து நின்றது. அளவெடுக்க அதிகாரி வரமாட்டார். ஆத்தா புகார் எழுதவும் மாட்டார். அந்தச் சந்து நிற்பதும் அழிவதும் முழுக்க என் கையில் இருந்தது. அனுமதி என்பது அலுவலகம் நமக்குத் தரும் காகிதம் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அஃது அண்டை வீட்டாருக்கு நாம் கொடுக்கும் வாக்கு என்பது அன்றுதான் விளங்கியது.

அறை சிறியதாகவே அமைந்தது. மேஸ்திரிக்கு அதில் மனக்குறைதான். காலையில் அந்தச் சந்தின் வழியே வெயில் ஆத்தாவின் அடுப்பங்கரையில் விழுகிறது. நாளை நீங்களும் வீடு கட்டுவீர்கள். அப்பொழுது வரைபடத்தில் கையெழுத்திடுமுன் ஒருமுறை அடுத்த வீட்டுச் சன்னலைப் பாருங்கள்.