வவுனியாவும் தட்டச்சு விசையும்

தமிழின் 247 எழுத்துக்களை ஒரு சிறு விசைப்பலகையில் அடக்குவது எங்ஙனம்? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைக்கையில் இவ்வினாவுக்கு விடை கண்டார். குறி பதிந்தும் தாள் நகராதிருக்கும் ‘நகரா விசை’யே அவர் கண்ட உபாயம். பழகுதற்கு நாள் பிடிக்கும். பழகிய விரலோ எண்ணியதையே பதிக்கும்.

1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி வந்த கணினிக்குரிய ‘தமிழ் 99’ வேறு வழி கொண்டது. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ தோன்றும். ஒரே எழுத்து இருமுறை தட்டப்பெற்றால் முன்னதற்குப் புள்ளியிடுக என்பது கணினிக்குக் கற்பித்த விதி. மாணவர்க்கு இதனினும் எளியது யாது?

ஆயின் நமது வவுனியாவைத் தட்டிப் பாருங்கள். ‘வ்வுனியா’ என வந்து நிற்கும்! ஊர்ப்பெயரைக் கணினி அறியுமா? விண்ணப்பத்தில் ஊரெழுதும் பிள்ளைக்கு இது சிறு பொருளன்று. நல்லவேளையாக, அமைத்தோர் ஒரு வாயில் வைத்தனர்: முதல் வகரத்தின்பின் ‘அ’ விசையைத் தட்டினால் புள்ளி விழாது. அதனை அறியாதார் பலர்.

இலங்கை 2008இல் தரமாகக் கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகையிலோ புள்ளியை நாமே இடல்வேண்டும். வவுனியா பிழையின்றி வரும். அம்மாவுக்கு ஒரு விசை கூடும்.