கணினிப் பதிவில் நாம் இருக்கிறோமா?

புதிய மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பதை மருந்தாய்வு என்கிறோம். முன்பெல்லாம் ஆய்வாளர்கள் ஒவ்வொரு நோயாளியாகப் பின்தொடர்ந்து தனியாகக் குறித்துவைப்பார்கள். இப்போது அந்த வேலையில் பெரும்பங்கை மருத்துவமனைக் கணினி செய்யத் தொடங்கிவிட்டது. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து கொடுத்தார்கள், பிழைத்தாரா, இறந்தாரா என்பதையெல்லாம் மின்னணு மருத்துவப் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். செலவு குறைகிறது, முடிவும் விரைவில் கிடைக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்தப் பதிவில் நாம் இருக்கிறோமா? இருந்தால், நம்மைக் கேட்டுத்தான் பயன்படுத்துகிறார்களா?

இரண்டு பாடங்கள்

கொரோனா காலம் இதில் இரண்டு பாடங்களைக் கற்றுத் தந்தது. பிரிட்டனில் 2020 மார்ச்சில் ‘ரெகவரி’ என்ற ஆய்வு தொடங்கியது. அங்கே அரசின் பொது மருத்துவச் சேவை நாடு முழுவதையும் ஒரே வலையில் இணைத்திருக்கிறது. ஆய்வில் சேர்ந்தவர் 28 நாள் கழித்து உயிரோடு இருக்கிறாரா என்பதை அறிய அந்தப் பதிவுகளே உதவின. மூன்றே மாதத்தில் முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து, செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

அதே ஆண்டு மே 22 அன்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் வேறொரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகளின் கணினிப் பதிவுகளில் இருந்து 96,032 நோயாளிகளின் விவரத்தை எடுத்ததாக அது சொன்னது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தால் சாவு கூடுகிறது என்றது. உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் மீதான தன் சோதனையையே நிறுத்திவைத்தது. பிறகு அறிவியலாளர்கள் கணக்கைப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவில் அத்தனை மருத்துவமனைகளில் அவ்வளவு விரிவான கணினிப் பதிவு இருக்க வாய்ப்புண்டா என்று கேட்டார்கள். விவரம் தந்த ‘சர்ஜிஸ்பியர்’ நிறுவனம் மூலப் பதிவுகளைக் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஏழை மக்களின் பெயரால் கணக்குக் காட்டினால் யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்ற துணிச்சல் எங்கும் வரலாம்.

நம் தெருவின் கணக்கு

நம் காலனிகளுக்கு வருவோம். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் ஆண்டில் பல மாதம் ஊரில் இருப்பதில்லை. அங்கே காய்ச்சல் வந்தால் அங்கேயுள்ள மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அது எந்தக் கணினியிலும் ஏறாது. ஒரே ஆள் ஆதாரில் ஒரு பெயர், ஓ.பி. சீட்டில் ஒரு பெயர் என்று இரண்டு ஆளாகிவிடுகிறார். வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் எண்ணை நான்கு பேருக்கு எழுதிவைக்கிறார்கள். சாக்கடை அள்ளுகிறவர் மூச்சுத் திணறலோடு வந்தால் நோயை எழுதுவார்கள். அவர் செய்யும் வேலையை எழுதுவது அரிது.

சாவுகூட முழுதாகப் பதிவாவதில்லை. 2020இல் நாட்டில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் காரணம் எழுதிச் சான்று கொடுத்திருந்தார். வீட்டிலேயே இறந்துபோன ஒருவர் ஆய்வாளரின் கணினியில் எப்படித் தெரிவார்? ‘அதன்பிறகு மருத்துவமனைக்கு வரவில்லை’ என்று தெரிவார். நோய் குணமாகி வராமல் இருப்பவரும் அப்படித்தான் தெரிவார். செத்தவரும் தேறியவரும் ஒரே வரிசையில் நின்றால், அந்த ஆய்வு சொல்லும் முடிவை எப்படி நம்புவது?

செலவு குறைந்தால் நோயும் குறைவா?

அமெரிக்காவில் இது நடந்தே விட்டது. யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்க ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினார்கள். அது நோயின் கடுமையை மருத்துவச் செலவை வைத்து அளந்தது. கறுப்பின மக்களுக்குச் செய்யப்பட்ட செலவு குறைவு. அதனால் அவர்களுக்கு நோயும் குறைவு என்று கணினி முடிவுகட்டியது. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதை அம்பலப்படுத்தியது. அந்தப் பிழையைத் திருத்தினால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பின மக்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று காட்டியது. நிரலில் ‘இனம்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் புறக்கணிப்பு பதிவுக்குள் ஏற்கெனவே இருந்தது. சாதி என்ற கட்டம் இல்லாத பதிவிலும் சாதி இப்படித்தான் நுழையும்.

யாருடைய ஒப்புதல்?

பதிவில் இல்லாமல் போவது ஓர் ஆபத்து. கேட்காமல் எடுத்துக்கொள்வது இன்னோர் ஆபத்து. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் உட்படப் பலருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு நடந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கண்டித்தது. பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தத் தடுப்பூசி பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. பெற்றோரை ஏன் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி. அன்று காகிதத்தில் காப்பாளர் போட்ட கையெழுத்து, நாளை கணினியில் யாரோ தட்டும் ஒரு ‘ஓகே’வாக மாறிவிடக் கூடாது.

2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 14 இலக்க ‘ஆபா’ எண் தருகிறது. அதைப் பெறுவது கட்டாயமல்ல, நம் விருப்பம். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுப் பணிகளுக்கு நிபந்தனையோடு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு எதுவரை செல்லும் என்பதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

கணினிப் பதிவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணப்படாத மக்களுக்கு எந்த மருந்தும் சரியாக வந்து சேராது. எனவே நாம் கேட்பது இவைதான். ஒப்புதல் தமிழில் இருக்க வேண்டும். எழுத்தறியாதவருக்கு அவர் நம்பும் ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். புலம்பெயர்ந்து செல்லும் தொழிலாளியின் பதிவு அவரோடு சேர்ந்து செல்ல வேண்டும். செய்யும் தொழிலைப் பதிவில் எழுத வேண்டும். நெறிமுறைக் குழுக்களில் நம் மக்களும் உட்கார வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டிலுள்ள பெரியவர்களின் ஓ.பி. சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துப் பெயரும் வயதும் ஒன்றுபோல் உள்ளனவா என்று பாருங்கள். தவறு இருந்தால் திருத்தக் கேளுங்கள். எந்தப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டாலும், ‘இது எதற்கு?’ என்று முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்பது நம் உரிமை.