பொட்டாஷ் கீழே, தார் மேலே! கிராஃபில் எதை எங்கே எழுதுவது?

‘பூவன் வாழையில் நான்கு வரிசைக்கு நான்கு அளவு பொட்டாஷ் போட்டு, தார் எடையைக் குறித்து வைத்தேன். மகள் அதை கிராஃப் போட்டுக் காட்டினாள். கோடு கடைசிவரை ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த போகத்துக்கு இன்னும் பொட்டாஷைக் கூட்டலாமா?’ - ஸ்ரீரங்கம் தாலுகாவிலிருந்து வந்த கேள்வி இது.

உரத்தைக் கூட்டுவதற்கு முன்பு கிராஃபை ஒருமுறை பார்த்துவிடுவோம். கீழே படுத்திருக்கும் கோட்டில் தார் எடையும், நிமிர்ந்து நிற்கும் கோட்டில் பொட்டாஷும் இருந்தால், அந்த ஏற்றத்தை நம்பக் கூடாது.

புரிவதற்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். மரத்துக்கு 200 கிராம் பொட்டாஷ் உரம் போட்டால் 12 கிலோ தார். 400 கிராமுக்கு 16 கிலோ. 600 கிராமுக்கு 18 கிலோ. 800 கிராமுக்கு 18.1 கிலோ. பொட்டாஷைக் கீழ்க்கோட்டிலும் தார் எடையை நிமிர்ந்த கோட்டிலும் எழுதுங்கள். கோடு முதலில் விறுவிறுவென ஏறும். 600 கிராமைத் தாண்டியதும் தரையைப்போலப் படுத்துவிடும். ‘இனி போடுவது வீண்’ என்பது பார்த்ததுமே தெரியும்.

இப்போது இடம் மாற்றிப் போடுங்கள். எண்கள் அதேதான். ஆனால், கடைசித் துண்டு சுவர்போலச் செங்குத்தாக ஏறும். ‘இன்னும் ஏறுதே!’ என்று கண் ஏமாந்துபோகும். ஏறுவது விளைச்சல் அல்ல, உரச் செலவு!

ஏக்கருக்கு 1,000 மரம் என்றால், அந்தக் கடைசி 200 கிராமுக்கு நான்கு மூட்டை உரம் கூடுதலாக வேண்டும். கிடைப்பது 100 கிலோ காய். காந்தி மார்க்கெட்டில் அதற்கு என்ன விலை கிடைக்கும், நான்கு மூட்டைக்கும் கூலிக்கும் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நினைவில் வைக்க எளிய வழி

நாம் கூட்டிக் குறைப்பது கீழ்க்கோட்டில். அதனால் விளைவது நிமிர்ந்த கோட்டில். உரம், தண்ணீர், இடைவெளி கீழே. விளைச்சல், எடை, வருமானம் மேலே.

நாம் எதையும் மாற்றாமல் அளக்க மட்டும் செய்தால்? முதலில் தெரிவதைக் கீழே எழுதுங்கள். பிறகு தெரியவேண்டியதை மேலே எழுதுங்கள். பூ தள்ளும்போது மரத்தின் சுற்றளவை அளந்து, அதை வைத்து தார் எடையைக் கணிக்க நினைத்தால், சுற்றளவு கீழே, தார் எடை மேலே.

நாள், மாதம் எப்போதும் கீழ்க்கோட்டில்தான். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் அப்படித்தான் வரைவார்கள். தேதி கீழே, 120 அடி வரையிலான மட்டம் மேலே. கிணற்று நீருக்கு மட்டும் ஒரு கவனம் வேண்டும். தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது என்றுதான் கயிறு விட்டு அளக்கிறோம். தண்ணீர் வற்றினால் அந்த எண் கூடும். அதனால் பூஜ்யத்தை உச்சியில் எழுதி, கீழ்நோக்கி 10, 20, 30 என்று எண்ணிக்கொண்டு போங்கள். தண்ணீர் இறங்கினால் கோடும் இறங்கும்.

விதிவிலக்கும் உண்டு

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை, அளவுகோலில் தெரியும் உயரத்தை வைத்துத்தான் பொறியாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். நம் விதிப்படி உயரம் கீழே வரவேண்டும். ஆனால், அந்தப் படத்தில் உயரத்தை நிமிர்ந்த கோட்டிலும், ஓடும் கன அடியைக் கீழ்க்கோட்டிலும் எழுதுவது அவர்கள் வழக்கம். ஆற்றில் அளவுகோல் நிமிர்ந்து நிற்பதைப்போலவே படத்திலும் உயரம் நிமிர்ந்து நிற்கும். அதனால், யார் போட்ட கிராஃபாக இருந்தாலும், கோட்டைப் பார்ப்பதற்கு முன்பு இரண்டு ஓரங்களிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

ஸ்ரீரங்கம் வாசகருக்கு நம் பதில் இதுதான். மகளிடம் சொல்லி, இடம் மாற்றி மீண்டும் வரையச் சொல்லுங்கள். கோடு எங்கே படுக்கிறதோ, அங்கே பொட்டாஷை நிறுத்திக்கொள்ளலாம். நான்கு வரிசைக்கும் ஒரே நாளில் நடவு, ஒரே அளவு தண்ணீர், ஒரே ரகம் இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஓரத்து வரிசை என்றால், கூடுதல் எடை தண்ணீரால் வந்ததாகக்கூட இருக்கலாம். மண் பரிசோதனை முடிவையும் இந்த கிராஃபையும் எடுத்துக்கொண்டு, உங்கள் தாலுகாவிலேயே இருக்கும் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.