பிரதேச சபை உறுப்பினரிடம் நாம் எதைக் கேட்கிறோம்?

"எங்கள் மெம்பர் நல்லவர்" என்று கிராமத்தில் ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ஜனாஸாவுக்கு வந்தார், வலீமாவுக்கு வந்தார், மகனின் தொழிலுக்காக யாருடனோ பேசினார் என்பார். இவை நல்ல குணங்கள்தான். ஆனால் நாம் அவருக்கு வாக்களித்தது இதற்காக அல்ல.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொது வசதிகள், பொது வீதிகள் ஆகியவற்றைச் சபையிடம் ஒப்படைத்துள்ளது. உள்ளூர் வீதி, வடிகான், குப்பை அகற்றல், தெருவிளக்கு, சந்தை, நூலகம் எல்லாம் இதில் அடங்கும். ஓர் உறுப்பினரின் சேவையில் திருப்தியா, இல்லையா என்பதை இவற்றை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

சில வேளை, அவரது அதிகாரத்தில் இல்லாததற்கும் நாம் அவரைத் திட்டுகிறோம். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சீ, டீ தர வீதிகள் மாகாண நிர்வாகத்துக்கும் உரியவை. பழி சொல்லுமுன் வீதி யாருடையது என்று அறிவதே நீதி.

2018 தேர்தலுக்கு முன்னைய விருப்பு வாக்கு முறையில், ஒரு கிராமத்துக்கென்று பொறுப்பான உறுப்பினர் இருக்கவில்லை. இப்போது 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்து தெரிவாகின்றனர். எனவே "அது என் பகுதி அல்ல" என்று வட்டார உறுப்பினர் ஒதுங்க முடியாது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு. நிரம்பி வழியும் வடிகானாலும் இருண்ட ஒழுங்கையாலும் அதிகம் சிரமப்படும் நம் தாய்மார், தயக்கமின்றிப் பெண் உறுப்பினரை நாடலாம்.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் 2025 மே 6 தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினர். அந்த இரண்டு வருடங்களில் ஒரு தெருவிளக்குக்காகவும் அலுவலகப் படி ஏறியவர்களுக்கு, கேட்பதற்கு ஓர் உறுப்பினர் இருப்பதன் பெறுமதி தெரியும்.

அந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது. குறைகளை வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுதித் திகதியிட்டுக் கொடுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வருட இறுதியில் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன், பள்ளிவாசல் நிர்வாகமும் மாதர் சங்கமும் சேர்ந்து ஊரின் தேவைகளை முன்னுரிமைப்படி பட்டியலிட்டு உறுப்பினரிடம் ஒப்படைக்கலாம்.

பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நமது வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கை மீதான தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

பதவி ஓர் அமானிதம். அதைச் சுமப்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அதை ஒப்படைத்த நாமும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அடுத்த முறை உறுப்பினர் வலீமாவுக்கு வந்தால் அன்போடு வரவேற்போம்; வடிகான் வேலை எப்போது தொடங்கும் என்பதையும் கேட்போம்.