மஞ்சள் இயந்திரமும் இரண்டு மணி நேரமும்

கொல்கத்தாவின் தண்டவாளங்களைச் சீர்செய்ய இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை வேலை செய்ய நேரம்தான் கிடைப்பதில்லை.

சென்னை மெயிலில் ஹவுரா போனவர்கள் கவனித்திருக்கலாம். சாந்த்ராகாச்சி தாண்டியதும் ரயில் ஊர ஆரம்பிக்கும். பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு வாசலில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்போது ஏதாவதொரு பக்கவாட்டு லைனில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு நீள வண்டி தென்படும். இன்ஜின் போலவும் இருக்கும், பெட்டி போலவும் இருக்கும். வயிற்றுக்கு அடியில் இரும்புக் கரங்கள் வரிசையாகத் தொங்கும். அருகில் நிற்பவரைக் கேட்டால் "ரிப்பேர் வண்டி" என்பார். அத்தோடு விஷயம் முடிந்தது.

ரயில்வே அகராதியில் அதன் பெயர் டேம்பிங் மெஷின். இழுக்க இன்ஜின் வேண்டாம். தானே ஓடி, வேலை நடக்கும் இடத்துக்குப் போய், முடித்துவிட்டுத் தானே திரும்பும். ஒவ்வொரு ரயில் போகும்போதும் ஸ்லீப்பருக்கு அடியிலுள்ள ஜல்லி துளித்துளியாக நகர்கிறது. சில மில்லிமீட்டர் இறங்கினாலே பெட்டி குலுங்கும். கூடுதலாக இறங்கினால் ஆபத்து. இந்த இயந்திரம் தண்டவாளத்தைப் பிடித்துத் தூக்குகிறது, கோணலை நிமிர்த்துகிறது, அதிரும் இரும்புக் கரங்களை ஜல்லிக்குள் இறக்கி, ஸ்லீப்பரின் இரு பக்கமும் நெருக்குகிறது. மரக்காலைக் குலுக்கினால் நெல் அடங்குவது போல ஜல்லி அடங்கிவிடுகிறது. நவீன மாடல்களில் வண்டி நிற்காமல் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். குத்தும் பகுதி மட்டும் உள்ளுக்குள் நின்று நின்று நகரும்.

இதையெல்லாம் ஒரு காலத்தில் கேங்மேன்கள் கையால் செய்தார்கள். மரக்கட்டை ஸ்லீப்பர் இருந்தவரை நாலு பேர் எதிரும் புதிருமாக நின்று ஜல்லியைக் குத்தி இறுக்கினால் போதும். கால் டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் ஸ்லீப்பர்கள் வந்தபோது மனித முதுகுகள் தோற்றன. 1960களிலேயே இயந்திரங்கள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஆஸ்திரியாவின் பிளாஸர் அண்ட் தாய்ரர் நிறுவனம் ஃபரீதாபாத்தில் தொழிற்சாலை தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். இன்று ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் திருப்பிப் போட ஒரு வண்டி, புது ஸ்லீப்பர் பதிக்க ஒரு வண்டி, தண்டவாளத்தின் தலையைச் சாணை பிடிக்க ஒரு வண்டி என்று ஒரு குடும்பமே இருக்கிறது.

வங்காளத்தில் சலிக்கும் வண்டிக்குத்தான் அதிக மவுசு இருக்க வேண்டும். கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் அது. மழைக்காலத்தில் சேறு ஜல்லிக்குள் ஏறுகிறது. தண்ணீர் வடிய வழியில்லாமல் ஜல்லி தன் துள்ளலை இழக்கிறது. பல் வைத்த சங்கிலியொன்றை ஸ்லீப்பருக்கு அடியில் ஓட்டி இந்த வண்டி அத்தனையையும் வாரி எடுத்துச் சல்லடையில் போடுகிறது. ஆனால் சலித்த இடம் புதுச்சுவர் மாதிரி, உடனே பாரம் தாங்காது. அதனால் ரயில்கள் சில நாட்களுக்கு ஊர்ந்தே போக வேண்டும். இதைச் சுருக்கவும் ஒரு வண்டி உண்டு: லைனைக் குலுக்கி, பல ரயில்கள் ஓடி முடித்தது போன்ற இறுக்கத்தைச் சிறிது நேரத்தில் தந்துவிடும்.

இத்தனை இருந்தும் சிக்கல் எங்கே? நேரத்தில்.

ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஓடியது. இன்று ஹவுராவிலும் சியால்டாவிலும் லோக்கல்கள் விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கி நள்ளிரவை ஒட்டித்தான் அடங்குகின்றன. இடையில் மெயில், எக்ஸ்பிரஸ், சரக்கு. இயந்திரம் இறங்க வேண்டுமானால் "பிளாக்" வேண்டும். அதாவது, குறித்த நேரம்வரை இந்த லைனில் ரயில் வராது என்ற உத்தரவாதம். இரண்டு மணி நேரம் கிடைத்தால், நிற்கும் இடத்திலிருந்து போய்ச் சேர்வது, கரங்களை விரிப்பது, மடக்குவது, திரும்புவது என்று கணிசமான பகுதி கழிந்துவிடும். மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் முடிக்கக்கூடிய இயந்திரம், பிளாக் கிடைக்காத நாளில் வெறும் மஞ்சள் பெயிண்ட்தான். பிளாக் கேட்பது இன்ஜினியரிங் துறை. கொடுப்பது ரயிலை ஓட்டும் துறை. பின்னவருக்கு மதிப்பெண் நேரந்தவறாமைக்குத்தான்.

கொடுத்தாலும் பாடு பயணிகளுக்கு. 2024 ஜூனில் 12 பெட்டி ரயில்களுக்காக சியால்டாவின் முதல் ஐந்து பிளாட்பாரங்களை மூடி வேலை செய்தபோது வடக்கே போகும் லோக்கல் பயணிகள் திண்டாடிப்போனார்கள். கடற்கரை–தாம்பரம் மார்க்கத்தில் "பராமரிப்புப் பணி காரணமாக ரயில்கள் ரத்து" என்று ஞாயிறுதோறும் படித்துச் சலித்த சென்னைவாசிகளுக்கு இது புரியும்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் கதௌலி சாட்சி. 2017 ஆகஸ்ட் 19 அன்று அங்கே தண்டவாளத்தைச் சரிசெய்ய ஊழியர்கள் பிளாக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஆனாலும் வேலையில் இறங்கினார்கள். பூரியிலிருந்து ஹரித்வார் போன உத்கல் எக்ஸ்பிரஸ் முழு வேகத்தில் வந்து தடம் புரண்டது. இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். சில நாட்களில் ரயில்வே வாரியத் தலைவர் பதவி விலகினார். பிளாக்கை 52 வாரம் முன்கூட்டியே திட்டமிடும் விதிமுறை வர 2023 இறுதிவரை ஆயிற்று. காகிதத்தில் இடம் ஒதுக்குவது சுலபம். தாமதமாக வரும் ராஜதானிக்கு அன்றிரவு அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் கடினம்.

இந்த வழக்கு நடக்காத ஓர் இடம் கொல்கத்தாவிலேயே உண்டு: மெட்ரோ. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர்வரை ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் மெட்ரோ, இரவில் தூங்குகிறது. கடைசி ரயில் போனதும், தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது கம்பியில் 750 வோல்ட் நிறுத்தப்படும். மின்சாரமே இல்லாத சுரங்கத்தில் சொந்தமாக இன்ஜினோ பேட்டரியோ உள்ள வண்டிதான் நகர முடியும். சுரங்கத்தில் பெரும்பாலும் ஜல்லி கிடையாது, கான்கிரீட்தான். ஆகவே டேம்பிங்குக்கு வேலையில்லை. கிளிப்புகள், தேய்ந்த தண்டவாளம், மூன்றாவது கம்பி ஆகியவையே கவலை. வேடிக்கை என்னவென்றால், 2024 மார்ச்சில் ஹூக்ளி நதிக்கு அடியில் ஓடத் தொடங்கிய புது மெட்ரோவின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். பழையது 1,676. எஸ்பிளனேடில் பயணிகள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். பராமரிப்பு வண்டியால் முடியாது. ஒரே நகரம், இரண்டு தனித்தனி வண்டிக் கூட்டம்.

மேலே, லோக்கல் ரயில்களின் உலகில், கீமேன் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். தோளில் சுத்தியல், கையில் சிவப்புக் கொடி. கழன்ற கிளிப்பைத் தினமும் கண்டுபிடித்துத் தட்டி இறுக்க டேம்பிங் மெஷினுக்குத் தெரியாது. அவருக்கு பிளாக்கும் கிடையாது. நாலு லைன் உள்ள இடத்தில் ஒரு ரயிலுக்கு ஒதுங்கி அடுத்த லைனில் கால் வைக்கும்போது, அதில் இன்னொன்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவரேதான்.