பொக்குக் கடலை யார் குற்றம்?

மாலை வேளை. அவித்த கடலையை ஆவி பறக்கத் தட்டில் கொட்டியிருக்கிறீர்கள். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து உரிக்கிறார்கள். "அம்மா, இதிலே ஒன்றுமே இல்லை!" என்று ஒரு குரல். வெளியே பார்த்தால் கொழுத்த காய். உள்ளே வெறும் காற்று! உடனே கடைக்காரரைத்தானே திட்டுகிறோம்?

பாவம், அவரை விட்டுவிடுங்கள், சகோதரிகளே! மழை பொய்த்தாலும் கடலை பொக்காகும், வாஸ்தவம்தான். ஆனால் பல சமயம் காரணம், மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதாமைதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் போனால் செக்கச் சிவந்த மண்ணைக் காணலாம். கடலைக்கு ஏற்ற மண்தான். ஆனால் செம்மண்ணிலும் செம்புறை மண்ணிலும் இந்தச் சத்து மழையில் கரைந்து போய்விடுகிறது.

"இருப்பதை வேர் எடுத்துக் கொடுக்காதா?" என்பீர்கள். அங்கேதான் வேடிக்கை! கடலை பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது உள்ளே. பூ வாடியதும் ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனியே காயாகிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்தோ, தண்ணீரோடு சேர்ந்து இலைகளுக்கே போய்விடுகிறது. திராட்சைக்கும் இதே தொல்லை உண்டு; இலைக்குப் போக மிஞ்சியதுதான் பழத்துக்கு. ஆனாலும் திராட்சைப் பிஞ்சு வெளிக்காற்றில் தொங்குவதால் தண்ணீரைக் கொஞ்சமாவது தன் பக்கம் இழுக்கும். மண்ணில் புதைந்த கடலைக்கு அந்த வசதியும் இல்லை. தன் ஓட்டின் வழியாகத் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். தாய் ஊட்டாத பிள்ளை! சத்து கிடைக்காவிட்டால் ஓடு வளரும், பருப்பு திரளாது.

பரிகாரம் உண்டு. பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டிக்கு மூலப்பொருளான ஜிப்சம்தான் அது! இறவைக் கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் செடியோரம் இட்டு, கொத்தி, மண் அணைக்க வேண்டும். விழுது இறங்கும் நேரம் அது. அதற்குப் பிறகு மண்ணைக் கிளறினால் விழுது அறுந்து, வருகிற காயும் போய்விடும்.

கைமுடையான சமயத்தில் சிறு விவசாயி, "செடி பச்சைப் பசேலென்றுதானே நிற்கிறது?" என்று ஜிப்சத்தை ஒத்திப்போடுவதுண்டு. மேலே பசுமை, கீழே ஏமாற்றம்! குனிந்து களை எடுத்த பெண்களின் உழைப்பு, பறிக்கும் நாளில்தான் பொக்கென்று தெரியவரும்.

நமக்கு ஒரு காய் பொக்கானால் கை அடுத்த காய்க்குப் போகிறது. அவர்களுக்கோ, அடுத்த பருவத்துக்கல்லவா காத்திருக்க வேண்டும்?