செருப்பைக் கழற்றச் சொல்லும் மருத்துவர்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகளின் வரிசை காலையிலேயே நீளத் தொடங்கிவிடும். வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தவர்கள், தூக்குவாளியில் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கையை நீட்டுவார்கள். சீட்டு கைக்கு வந்ததும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: “உங்களுக்கு எவ்வளவுங்க?” 120 என்றால் முகம் மலரும், 250 என்றால் வாடிவிடும். மருத்துவரும் அந்த எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ எழுதினால், அன்றைய வேலை முடிந்தது போலத்தான் தோன்றும். ஆனால் நோயாளியின் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் காப்பாற்ற அந்த ஓர் எண் போதாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ‘இந்தியாப்’ ஆய்வு, 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. இத்தனை பேரையும் சர்க்கரை நோய் நிபுணர்கள் பார்த்து முடிக்க வழியே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்கணக்காகத் துணை நிற்க வேண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரும், தெருமுனைக் கிளினிக் டாக்டரும், செவிலியரும்தான். தமிழக அரசு 2020-இல் நடத்திய ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் நோயாளிகளில் 10.8 சதவீதம் பேர் மட்டுமே. மெட்ஃபார்மின் போன்ற அடிப்படை மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இந்த நிலை.

காரணங்களில் ஒன்று, காலைச் சர்க்கரையை மட்டும் நம்புவது. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே சோற்றைக் குறைத்து, காபியில் சர்க்கரையை நிறுத்தி, நன்றாக நடந்துவிட்டு வருபவர்கள் பலர். அன்றைய அளவு அழகாக இருக்கும். அதற்கு முந்தைய வாரங்களைக் காட்டிக்கொடுப்பது ஹெச்.பி.ஏ.1சி, மக்கள் மொழியில் ‘மூணு மாச சுகர்’. ரத்தத்தில் உள்ள சர்க்கரை, சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 7 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 154. 9 சதவீதம் என்றால் 212. இதிலும் ஒரு கவனம் தேவை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் ஊர்ப் பெண்களிடையே ரத்தசோகை அதிகம் என்பதால், ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது ரத்த அழுத்தம். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 23 மருத்துவ மையங்களில் 5,102 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 1998-இல் வந்தன. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வின் இன்னொரு பிரிவில் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 154/87-க்குப் பதில் 144/82-இல் வைத்திருந்தார்கள். பக்கவாதம் 44 சதவீதமும், சர்க்கரை நோய் தொடர்பான இறப்புகள் 32 சதவீதமும் குறைந்தன. கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்கும் இரண்டு நிமிடத்துக்கு இவ்வளவு மதிப்பு.

பாதத்தைப் பார்ப்பதற்கும் நேரம் அதிகம் ஆகாது. தேவைப்படும் கருவி, ஒரு கைப்பிடியில் பொருத்திய நைலான் இழை. 10 கிராம் விசை பட்டதும் வளையும்படி செய்யப்பட்டது அது. நோயாளியைச் செருப்பைக் கழற்றிப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். பெருவிரலின் அடியிலும் விரல்கள் தொடங்கும் இடத்திலும் இழையை வளையும்வரை அழுத்தி எடுக்க வேண்டும். தொட்டது தெரிந்தால் “ஆமாம்” என்று சொல்வார். இழை வளைந்த பிறகும் அவர் பேசாமல் படுத்திருந்தால், அந்தப் பாதம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உணர்வை இழந்துவிட்டது என்று பொருள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல் சுட்டாலும், செருப்புக்குள் ஆணி துருத்திக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் சீழ் பிடித்த பிறகுதான் வீட்டில் யாராவது கவனிப்பார்கள். விரலையோ காலையோ எடுக்க நேர்வதன் தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான். இழை காட்டிய அன்றே எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு போடச் சொல்லி, அணியும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவும், தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கவும் பழக்கிவிட்டால் அந்தத் தொடக்கத்தையே தடுக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனை ஆகியவையும் இதே பட்டியலில் வருகின்றன. விழித்திரையும் சிறுநீரகமும் கெடத் தொடங்கும்போது வலி இருக்காது. பார்வை மங்கி, கால் வீங்கி நோயாளி தானாக வரும்போது பாதி சேதம் நடந்து முடிந்திருக்கும்.

இன்சுலின் போடுபவர்களிடம் ஊசியையும் எடுத்துவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கு உரியது ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் எடுத்தால், உடம்புக்குள் போவது எழுதிக்கொடுத்ததில் பாதிகூட இராது. தினமும் ஒரே இடத்தில் குத்துபவர்களுக்கு அந்த இடம் தடித்துப்போய் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. சட்டையை விலக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தாலே இது தெரியும். இதையெல்லாம் பார்க்காமல் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், என்றைக்காவது சரியாகப் போடும் நாளில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயங்கி விழும் ஆபத்து உண்டு.

பரிசோதனை ஒழுங்காக நடந்தாலும், அடுத்த மாதம் வராமல் போகிறவர்கள் பலர். அவர்களைத் தேடித்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பி.பி.யும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பின் அடுத்த சுற்றில், சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 16.7 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். போக வேண்டிய தூரம் இன்னும் அதிகம்தான். ஆனாலும் போகும் திசை சரியானது.

வீட்டு வாசலில் தெரியும் பல விஷயங்கள் மருத்துவரின் மேசைக்கு வருவதே இல்லை. போன முறை கொடுத்த அட்டையில் பாதி மாத்திரை அப்படியே இருக்கும். ஏன் என்று கேட்டால், “நூறு நாள் வேலைக்கு ஓடுற அவசரத்துல காலையில சாப்புடுறதே இல்லம்மா. சாப்புடாம போட்டா மயக்கமா வருது, அதான் விட்டுர்றேன்” என்று பதில் வரும். தன்னார்வலர் இதைக் குறித்துவந்து சொல்லிவிட்டால், மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்ட மாட்டார். அந்த அம்மா வயிறார உண்ணும் வேளை எது என்று கேட்டு, மாத்திரையை அதற்கு மாற்றி எழுதுவார். எழுதிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்வார்.